இல்லாத கைப்பிடி

இருதயராஜ் எழுதிய விவரக் கோப்பு ஐந்தாவது முறையும் திரும்பி வந்தது. கூடவே ஒரே ஒரு வரி.

'ஒன்பதாம் எண் ரெகுலேட்டர் எங்கே இருக்கிறது?'

அதற்கு முந்தைய நான்கு முறையும் இப்படித்தான். 'இது எங்கே?' 'அது எங்கே?' வசை கிடையாது, பாராட்டு கிடையாது, விளக்கமும் கிடையாது.

இருதயராஜுக்கு வயது ஐம்பத்தொன்று. கோயமுத்தூரில் ஒரு நூற்பாலையில் இருபத்தாறு வருடம் கருவிகளைப் பழுது பார்த்தவர். ஆலை மூடிய பிறகு, மகளின் கல்லூரிப் புத்தகங்களை வைத்துக்கொண்டு கம்ப்யூட்டருக்கு எழுதும் இந்த வேலையைக் கற்றுக்கொண்டார். இப்போது ஒரு சின்ன நிறுவனத்தில் இருக்கிறார். அங்கே வெள்ள எச்சரிக்கைக் கம்பங்கள் செய்கிறார்கள். ஓடைக் கரையில் நட்டுவிட்டால், தண்ணீர் அளவுக்கு மேல் ஏறும்போது கம்பத்தின் உச்சியில் இருக்கும் சைரன் ஊதும். கம்பத்துக்குள்ளே உள்ளங்கை அகலத்தில் ஒரு கம்ப்யூட்டர் போர்டு.

அந்த மாதிரிப் போர்டுகளுக்கு ஒரு குணம் உண்டு. மின்சாரம் கொடுத்ததும் விழித்துக்கொள்ளும். ஆனால் தன் உடம்பில் என்னென்ன இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. சைரன் எந்தக் கம்பியில் தொங்குகிறது, அதற்கு மின்சாரத்தை அளந்து கொடுக்கும் ரெகுலேட்டர் எது, எல்லாவற்றையும் யாராவது எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதிக் கொடுத்ததை அது அப்படியே நம்பும். அந்த எழுத்துக்குத்தான் விவரக் கோப்பு என்று பெயர்.

பல தேசத்துக்காரர்கள் சேர்ந்து வளர்க்கும் பொதுவான மென்பொருளில் அந்தக் கோப்பு சேர வேண்டும். சேர்ந்த பிறகுதான் மீதிப் பத்துக் கம்பங்களை நடலாம் என்று வேலை கொடுத்தவர்கள் நிபந்தனை போட்டிருந்தார்கள். இரண்டு கம்பங்கள் மட்டும், சோதித்துப் பார்ப்பதற்காக, போன வாரமே மலையடிவாரத்து ஊர் ஒன்றில் நட்டாயிற்று.

அப்படிச் சேர்ப்பதற்கு முன் ஒருவர் வரிவரியாகப் படித்துப் பார்த்து ஒப்புதல் தர வேண்டும். இந்த வகைப் போர்டுகளுக்கு அந்த ஒருவர் கோகிலவாணி. கோத்தகிரிக்குக் கீழே எங்கேயோ வீடு என்று கேள்வி.

இருதயராஜ் போர்டைத் துணியில் சுற்றி, பேட்டரியும் ஒரு சின்னச் சைரனுமாக டிபன் பைக்குள் வைத்துக்கொண்டு பஸ் ஏறினார்.

*

வளைவுகளில் ஏற ஏற மூடுபனி இறங்கி வந்தது. மத்தியானம் இரண்டு மணிக்கே டிரைவர் விளக்கைப் போட்டார். ஜன்னலுக்கு வெளியே மரம் வந்தது, மரம் போனது; நடுவில் எதுவுமே இல்லை. யாரோ ஒரு பெண் சிரித்தாள். சிரிப்பு பஸ்ஸைக் கடந்து போன பிறகுதான், தலையில் கூடையோடு நாலு பெண்கள் வெண்மைக்குள்ளிருந்து வெளியே வந்தார்கள்.

இருதயராஜ் மடியில் இருந்த பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். அந்த வெண்மையில் நிச்சயமாக இருப்பது அது ஒன்றுதான் என்று அவருக்குத் தோன்றியது.

இறங்கி, விசாரித்து, ஒரு தகரக் கூரை வீட்டுக்கு வந்து சேர்ந்தார். வாசல் குழாயடியில் கம்பளிக் குல்லா போட்ட ஒரு பெண் கேரட் கழுவிக்கொண்டிருந்தார். முப்பத்து நாலு, முப்பத்தஞ்சு வயது இருக்கும்.

"கோகிலவாணி மேடம் வீடுங்களா?"

"நான்தாங்க."

இருதயராஜ் ஒரு கணம் தடுமாறினார். மெயிலில் வந்த வரிகளுக்கு அவர் மனதில் வேறு ஒரு முகம் வைத்திருந்தார்.

"என் பேரு இருதயராஜுங்க. கோயமுத்தூர்ல இருந்து வர்றேன். அஞ்சு தடவை…"

"தெரியுதுங்கண்ணா. உக்காருங்க." கோகிலவாணி கழுவிய கேரட் ஒன்றை நீட்டினார். "சாப்பிடுங்க. இப்பத்தான் பிடுங்கினது."

கேரட் ஜில்லென்று இருந்தது. பாதி தின்னும்வரை இருதயராஜ் பொறுத்துக்கொண்டார். பிறகு பஸ்ஸில் ஒத்திகை பார்த்து வைத்திருந்ததைக் கேட்டார்.

"மேடம், நான் எழுதினது வேலை செய்யுதுங்க. சைரன் ஊதுது. கம்ப்யூட்டர் எந்தப் புகாரும் சொல்றதில்ல. ஊர்ல நட்டப்ப ஊதிக் காட்டினோம், ஜனங்க கை தட்டினாங்க. வேலை செய்யற ஒண்ணுல என்னங்க தப்பு?"

கோகிலவாணி கையைத் துடைத்துக்கொண்டார். "கீழ ஓடை ஒண்ணு இருக்கு. அது வரைக்கும் நடந்துட்டு வரலாமா?"

"வரலாங்க."

"நான் கண்ணை மூடிக்கறேன். நீங்க வழி சொல்லுங்க."

"எனக்கு வழி தெரியாதுங்களே!"

"தெரியறதைச் சொன்னாப் போதுங்கண்ணா."

*

வீட்டுக்குப் பின்னால் தேயிலைச் சரிவு. அதன் நடுவே ஒற்றையடிப் பாதை. பத்தடிக்கு அப்பால் எல்லாம் பால்.

"படி ஒண்ணு இருக்குங்க," என்றார் இருதயராஜ். கோகிலவாணி கண்களை மூடியபடி ஒரு படி இறங்கினார்.

"இன்னும் ரெண்டு." இரண்டு இறங்கினார்.

"இடது பக்கம் கொஞ்சம். ஆங், போதும். நேரா ஏழெட்டு எட்டு வைக்கலாம்."

கோகிலவாணி எட்டு எட்டு வைத்து நின்றார். காலால் துழாவவில்லை. கையை நீட்டித் தடவவில்லை. சொன்னதைச் செய்தார், சொல்லாததைச் செய்யவில்லை. முதலில் இருதயராஜுக்குப் பயமாக இருந்தது. போகப் போகப் பயம் போய்விட்டது. சத்தமில்லாத அந்த வெண்மையில் அவர் குரல் மட்டும் முன்னால் போனது. குரலுக்குப் பின்னால் பாதை வந்தது. அவர் சொல்லச் சொல்ல உலகம் ஒவ்வொரு அடியாக உண்டாவது போல இருந்தது. ஒரு கல்லைச் சொன்னார், கல் இருந்தது. சில்வர் ஓக் மரம் ஒன்றைச் சொன்னார், மரம் இருந்தது. இந்த மாதிரி ஒரு சந்தோஷம் அவருக்கு வந்து எவ்வளவோ நாளாகியிருந்தது.

"வலது கைப்பக்கம் இரும்புக் கம்பி இருக்குங்க. கைப்பிடி. பிடிச்சுக்குங்க."

கோகிலவாணி பிடித்துக்கொண்டார். சரிவு செங்குத்தாகிக்கொண்டே போனது. கம்பியில் தண்ணீர் முத்து முத்தாகக் கோத்து நின்றது. கொஞ்ச தூரத்தில் அது பனிக்குள் புகுந்தது.

"பயப்படாதீங்க. கம்பி அப்படியே கீழ வரைக்கும் போகுதுங்க."

நாலைந்து எட்டு வைத்தபின் கோகிலவாணி கையை மாற்றிப் பிடிப்பதற்காகக் கம்பியை விட்டு, ஒரு முழம் முன்னால் உடம்பைச் சாய்த்தார். அங்கே கம்பி இல்லை. பிடி கிடைக்காமல் சரிந்து, தேயிலைச் செடிகளுக்குள் போய் விழுந்தார்.

"ஐயோ, மேடம்!"

இருதயராஜ் பாய்ந்து போய்த் தூக்கினார். முழங்கையில் தோல் உரிந்து ரத்தம் கசிந்தது. குல்லாவில் இலைகள் ஒட்டியிருந்தன.

"மன்னிச்சுக்குங்க… பனியில தெரியலைங்க… இவ்வளவு தூரம் கம்பி வந்துச்சே, மேற்கொண்டும் இருக்கும்னு…"

கோகிலவாணி செடியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார். இப்போதுதான் கண்களைத் திறந்தார்.

இருதயராஜ் பாதையைத் திரும்பிப் பார்த்தார். கம்பியின் முனை மழுங்கி, துருப்பிடித்து, என்றைக்கோ அறுந்ததாக இருந்தது. சட்டென்று அவருக்கு ஒன்று தோன்றியது.

"மேடம், இது உங்க வீட்டுப் பாதைதானுங்களே. தினம் நடப்பீங்க. இங்க கம்பி இல்லைன்னு உங்களுக்குத் தெரியாதுங்களா?"

"தெரியும்."

"அப்புறம் ஏங்க சாஞ்சீங்க?"

"நீங்க இருக்குன்னு சொன்னீங்களே," என்றார் கோகிலவாணி.

*

இருவரும் திரும்பி ஏறினார்கள். ஓடையின் சத்தம் கீழே எங்கோ கேட்டது. அதுவரை அவர்கள் போகவே இல்லை.

வீட்டுக்குள் வந்ததும் இருதயராஜ் பஞ்சும் மருந்தும் கேட்டு வாங்கி, காயத்தைத் துடைத்துவிட்டார். பிறகு சொல்லாமலே பையைத் திறந்து போர்டை மேசைமேல் வைத்தார். நான்காக மடித்திருந்த சர்க்யூட் வரைபடத்தை அதன் பக்கத்தில் விரித்தார்.

"ஒன்பதாம் எண் ரெகுலேட்டர் இதுல இல்லீங்க," என்றார்.

கோகிலவாணி வரைபடத்தின் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"சிப் விக்கறவங்க மாதிரிக்கு ஒரு போர்டு வச்சிருக்காங்க. அவங்க கோப்புல இருந்து எடுத்தேன். சைரனுக்கு மின்சாரம் குடுக்கறது யாருன்னு கம்ப்யூட்டர் கேட்டுக்கிட்டே இருந்துச்சுங்க. எதையாவது ஒண்ணைச் சொன்னா வாயை மூடிக்கும்னு… இதைச் சொன்னேன். எப்பவும் மின்சாரம் குடுத்துக்கிட்டே இருக்கற ரெகுலேட்டர்னு எழுதினேன். மூடிக்கிச்சுங்க."

"சரி. நிஜமா சைரனுக்கு மின்சாரம் எங்க இருந்து வருது?"

இருதயராஜ் வரைபடத்தில் விரலை வைத்தார். சைரனிலிருந்து புறப்பட்டு, இரண்டு கம்பிகளைத் தாண்டி, ஒரு மூலை திரும்பி, விரல் ஒரு சின்னக் கறுப்புச் சதுரத்துக்கு வந்து நின்றது. பல இடங்களுக்கு மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் சிப் அது. அதன் நாலாவது வாசல்.

"இங்க இருந்துங்க."

"அந்த வாசலை யாரு பயன்படுத்தறாங்கன்னு கோப்புல எழுதியிருக்கீங்க?"

"யாரும் இல்லைன்னு."

கோகிலவாணி எழுந்து போய் அடுப்பில் பாலை வைத்தார். அங்கிருந்தே கேட்டார். "உங்க வீட்டுல ஆள் இல்லாத ரூம்ல லைட் எரிஞ்சா என்னங்கண்ணா பண்ணுவீங்க?"

"அணைச்சிருவேன்."

சொல்லி முடித்தபோதே இருதயராஜின் விரல் காகிதத்தின்மேல் நின்றுவிட்டது. யாரும் இல்லாத வாசலைக் கம்ப்யூட்டரும் அணைத்துவிடும்.

அவர் சைரனையும் பேட்டரியையும் எடுத்துப் போர்டில் மாட்டினார். சைரனுக்கு மின்சாரம் போகிறது என்று காட்டும் ஒரு பச்சைப் புள்ளி எரிந்தது. வழக்கமாக இந்த நேரத்தில் அவர் சைரனை ஒரு தடவை ஊதிப் பார்ப்பார், பேட்டரியைக் கழற்றுவார். ஆலையில் கற்ற பழக்கம். சோதித்ததும் இணைப்பை எடுத்துவிட வேண்டும். ஊரில் கம்பம் நட்ட அன்றும் அப்படித்தான். ஊதிற்று, ஜனங்கள் கை தட்டினார்கள், பெட்டியை மூடிப் பூட்டிவிட்டுப் புறப்பட்டார்.

இன்று கழற்றவில்லை. சும்மா உட்கார்ந்திருந்தார்.

ஜன்னலுக்கு வெளியே பனி கண்ணாடியில் முகம் வைத்து நின்றது. பால் மெல்லச் சீறியது. பச்சைப் புள்ளி அசையாமல் எரிந்தது. பத்து நொடி. இருபது. தூரத்தில் ஒரு பஸ் ஹாரன் அடித்து ஓய்ந்தது. அரை நிமிடம் இவ்வளவு நீளம் என்று இருதயராஜ் அறிந்ததில்லை. ஒரு பகல் முழுவதையும் அதற்குள் மடித்து வைத்துவிடலாம் போல இருந்தது.

சத்தமே இல்லாமல் பச்சைப் புள்ளி அணைந்தது.

இருதயராஜ் சைரனை ஊதச் சொல்லிக் கட்டளை கொடுத்தார். ஊதியாயிற்று என்று கம்ப்யூட்டர் பதில் சொன்னது. சைரன் ஊதவில்லை.

இன்னொரு தடவை கொடுத்தார். ஊதியாயிற்று என்றது.

கோகிலவாணி டீயைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தார். அவர் எடுக்கவில்லை.

"ரெண்டு கம்பம் நிக்குதுங்க மேடம்," என்றார். "ஓடைக்கரையில. ஏழு நாளா நிக்குது."

*

வாசலில் நின்றால்தான் போனுக்கு சிக்னல் கிடைத்தது. முதலில் நிறுவனத்தின் முதலாளி திருமேனியை அழைத்தார்.

"ஒப்புதல் கெடைச்சிருச்சா?" என்றார் திருமேனி எடுத்த எடுப்பில்.

இருதயராஜ் நடந்ததைச் சொன்னார்.

"இருதயராஜ், அங்க மழை இன்னும் ஆரம்பிக்கல. இப்ப எதுக்கு ஊரைக் கூட்டணும்? அந்தம்மா கிட்ட ஒப்புதலை வாங்கிட்டு வாங்க. அடுத்த வாரம் ஆள் அனுப்பி அமைதியா மாத்திக்கலாம். யாருக்கும் தெரியப் போறதில்ல."

"அங்க ஜனங்க அதை நம்பி இருக்காங்க சார்."

"நம்பட்டுமே. ஒரு வாரந்தானே."

"நான் எழுதினது தப்பு சார். அதை நானே ஊருக்குச் சொல்லிடறேன். அதுக்கப்புறம் என்னை என்ன பண்றதுன்னு நீங்க முடிவு பண்ணிக்குங்க."

திருமேனி போனை வைத்துவிட்டார்.

கம்பம் நட்ட ஊரில் இருதயராஜுக்குத் தெரிந்தவர் ஒருவர்தான், அங்கன்வாடி டீச்சர் ரங்கநாயகி. கம்பம் நட்ட அன்று எல்லாருக்கும் மோர் கொடுத்தவர். அவரை அழைத்தபோது பின்னால் குழந்தைகள் இரைச்சல் போட்டுக்கொண்டிருந்தன.

"டீச்சர், நான் கம்பம் வச்ச இருதயராஜ் பேசறேன். அந்தக் கம்பம் ஊதாதுங்க. தண்ணி வந்தாலும் ஊதாது. அதை நம்ப வேண்டாம்னு எல்லார்கிட்டயும் சொல்லிடுங்க."

குழந்தைகளின் இரைச்சல் தள்ளிப் போனது; டீச்சர் வெளியே வந்திருக்க வேண்டும்.

"நீங்கதானே சார் ஊதும்னு சொன்னீங்க?"

"ஆமாங்க டீச்சர். நான்தான் சொன்னேன்."

"ஓடையோரத்து வீட்டுக்காரங்க, கம்பம் இருக்குன்னுட்டு மேட்டுல போட்டிருந்த கொட்டகையைக் கூடப் பிரிச்சிட்டாங்க சார்."

இருதயராஜ் கண்களை மூடிக்கொண்டார். "மறுபடியும் போடச் சொல்லுங்க. நான் வந்து கம்பத்தைச் சரி பண்ணிட்டுச் சொல்றேன். ஊதும்னு சொல்ல மாட்டேன். அரை மணி நேரம் நிக்க வச்சு, அப்புறம் ஊத வச்சுக் காட்டறேன். நீங்களே பாத்துக்குங்க."

ரங்கநாயகி என்ன பதில் சொன்னார் என்பது அவருக்குச் சரியாகக் கேட்கவில்லை. ஆனால் போன் வைக்கப்படும் முன், "பிள்ளைங்களா, வெளிய வாங்க, வீடு வீடாப் போய்ச் சொல்லணும்" என்று டீச்சர் உரக்கக் கூப்பிட்டது கேட்டது.

திரும்பியபோது கோகிலவாணி கதவருகே நின்றுகொண்டிருந்தார். ஆறிப்போன டீயைக் கொட்டிவிட்டு வேறு டீ போட்டார்.

*

இருதயராஜ் கோத்தகிரியில் ஒரு லாட்ஜில் அறை எடுத்துத் தங்கினார். இரண்டு பகல் அந்த அறையை விட்டு அதிகம் வெளியே வரவில்லை. ஐந்தாவது கோப்பைத் திருத்தவில்லை. அதை மூடி வைத்துவிட்டு வெற்றுப் பக்கத்திலிருந்து தொடங்கினார். போர்டை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, பூதக்கண்ணாடியால் ஒரு சிப்பைப் பார்ப்பார். வரைபடத்தில் அதைத் தேடுவார். கம்பியைப் பின்தொடர்ந்து போவார். போய்ச் சேர்ந்த பிறகு ஒரு வரி எழுதுவார். சில நேரம் ஒரு வரிக்கு ஒரு மணி நேரம் ஆனது.

நடு நடுவே பனி ஜன்னல் வழியாக அறைக்குள் வந்து போயிற்று. தூக்கமும் விழிப்பும் இல்லாத ஒரு நிலையில், தான் அந்தப் போர்டுக்குள்ளேயே நடந்துகொண்டிருப்பதாக அவருக்குத் தோன்றும். செம்புக் கம்பிகள் சாலைகளாக நீண்டு கிடக்கும். ஒவ்வொரு முனையிலும் நின்று, கையால் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த அடி வைப்பார்.

எழுதி முடித்தபோது கோப்பு பழையதைவிட நாற்பத்தொரு வரி குறைந்திருந்தது. அன்றைக்கே திருமேனியிடமிருந்து ஒரு செய்தி வந்தது. 'ரெண்டு கம்பத்தையும் திறந்து வச்சிருக்கோம். புதுக் கோப்பு எப்ப வரும்?' வேறு எதுவும் அதில் இல்லை. இருதயராஜ் அதை மூன்று தடவை படித்தார்.

மூன்றாம் நாள் காலை மறுபடியும் தகரக் கூரை வீட்டுக்குப் போனார்.

கோகிலவாணி கோப்பை மேலிருந்து கீழ்வரை படித்தார். பிறகு போர்டைக் கையில் எடுத்துக்கொண்டு, வரைபடத்தையும் பக்கத்தில் வைத்து, கீழிருந்து மேல்வரை படித்தார். ஓரிடத்தில் விரல் நின்றது.

"இந்தச் சிப்போட ஆறாவது முள்ளுக்குப் பக்கத்துல என்னமோ எழுதியிருக்கீங்க?"

"'இது எதற்கு என்று தெரியவில்லை'ன்னு எழுதியிருக்கேங்க." இருதயராஜுக்குச் சற்று வெட்கமாக இருந்தது. "வரைபடத்துல வேற மாதிரி இருக்கு, போர்டுல வேற மாதிரி இருக்குங்க. போர்டை அச்சடிச்சவங்களைக் கேட்டிருக்கேன். பதில் வரல. அந்த வரியை எடுத்துடட்டுங்களா?"

"வேண்டாம். அது இருக்கட்டும்."

கோகிலவாணி தன் லேப்டாப்பைப் பக்கத்தில் இழுத்து, ஒப்புதல் வரியைத் தட்டினார். கீழே தன் பெயரை எழுதினார். பேட்டரியில் மாட்டியிருந்த போர்டில் பச்சைப் புள்ளி கால் மணி நேரமாக எரிந்துகொண்டிருந்தது.

இருதயராஜ் போர்டைத் துணியில் சுற்றினார். மத்தியான பஸ்ஸில் இறங்கினால் சாயங்காலத்துக்குள் ஓடைக்கரைக்குப் போய்விடலாம். கதவு வரை போனவர் நின்று திரும்பினார்.

"ஒண்ணு கேக்கலாங்களா மேடம்?"

"கேளுங்கண்ணா."

"அஞ்சு தடவை திருப்பி அனுப்பினீங்க. ஒவ்வொரு தடவையும் எங்க, எங்கன்னுதான் கேட்டீங்க. தப்பு இன்ன இடத்துலன்னு ஒரே ஒரு வரி எழுதியிருந்தா, நான் முதல் தடவையே திருத்தியிருப்பேனே? ஏங்க எழுதல?"

கோகிலவாணி அவரை ஏறிட்டுப் பார்த்தார்.

"எனக்குத் தெரியாதுங்கண்ணா," என்றார். "அன்னிக்கு நீங்க கொண்டுவந்து வைக்கிற வரைக்கும் நான் அந்த போர்டைப் பார்த்ததே இல்லையே."